பெரிய ரோடு எங்கீங்க

ஆலாங்காட்டுப் பிரிவில் தனப்பிரியா டீக்கடை போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நாலு வழிச்சாலை கடைக்கு முன்னால் மேடாகப் போகும். மேட்டுக்குக் கீழே சர்வீஸ் ரோடு, அதை ஒட்டிக் கடை. பின்னால் நாலைந்து புளியமரங்களும், வெடித்துப் புல் முளைத்துப்போன ஒரு தார் ரோட்டுத் துண்டும் கிடந்தன. எங்கிருந்தோ வளைந்து வந்து நாலு வழிச்சாலையின் கரையில் முட்டி அது நின்றுவிடும். அது யாருடைய தோட்டத்துக்கோ போகிற தடம் என்றுதான் தனப்பிரியா நினைத்திருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் மேச்சேரி. இந்தப் பக்கம் அவளுக்குப் பழக்கமில்லை.

கணவன் தீனதயாளனுக்குத் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. காலையில் பால் காய்ச்சி வைத்துவிட்டு பைக்கில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். ஒருமுறை கடைக்குள்ளிருந்த கேஸ் சிலிண்டரை யாரோ தூக்கிப் போனதிலிருந்து, உத்தரத்தில் ஒரு சின்ன கேமரா மாட்டி, பட்டறையிலிருந்தபடியே செல்போனில் அவ்வப்போது கடையைப் பார்த்துக்கொள்வான்.

பதினொரு மணி வாக்கில் கடையில் கூட்டம் ஓய்ந்துவிடும். அப்படி ஒரு நேரத்தில்தான் அந்தப் பெண் முதல் தடவை வந்தாள். நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கையில் கனத்த கட்டைப்பை. அதன் வாயில் விதை வெங்காயம் தெரிந்தது. வெயிலில் நடந்து வந்த முகம்.

"ஏஞ்சாமி, பெரிய ரோடு எங்கீங்க?"

தனப்பிரியா டம்ளர் கழுவிக்கொண்டே கையை முன்னால் நீட்டினாள். "பைபாஸைக் கேக்கறீங்களா? இதுதானுங்க."

அந்தப் பெண் மேட்டைப் பார்த்தாள். ஒரு லாரி, அதன் பின்னாலேயே ஒரு கோழி வண்டி, இரண்டு கார். "இதா? இது பெரிய ரோடு இல்லீங்களே."

"சேலம் மெயின் ரோடுன்னாலும் இதுதானுங்க. ஹைவேஸ்னாலும் இதுதான். எல்லாம் ஒண்ணுதானுங்க."

"எங்கூட்டுக்காரரு, பெரிய ரோட்டுல வண்டியோட நிக்கறேன், எறங்குனதும் வந்துருன்னாருங்க. ஒருத்தரையும் காணோம்."

"நம்பர் சொல்லுங்கக்கா. நான் போன் போட்டுத் தாரேன்."

தனப்பிரியா எடுத்த பட்டனில்லாத செல்போனை அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். பிறகு பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து மறுபடி வந்தாள். அதே பை, அதே வெங்காயம். "ஏஞ்சாமி, பெரிய ரோடு எங்கீங்க?" என்று தொடங்கி, போன தடவை சொன்னதையே ஒரு சொல் மாறாமல் சொன்னாள். மனசு சரியில்லாதவள் போலிருக்கிறது என்று தனப்பிரியாவுக்கு இரக்கமாகிவிட்டது. பாட்டிலிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டி, "மொதல்ல இதச் சாப்பிடுங்கக்கா" என்றாள்.

"வேண்டாஞ்சாமி. காத்துட்டு இருப்பாரு."

அப்போது போன் அடித்தது. தீனதயாளன்.

"ஏம்மா, ஆருகிட்டப் பேசிட்டிருக்கறே?"

"ஒரு அக்கா வழி கேட்டு நிக்கறாங்க."

"எங்க நிக்கறாங்க?"

"என்ற முன்னாலதான். ஏனுங்க?"

அவன் பட்டறைச் சத்தத்தை விட்டு வெளியே வருவது கேட்டது. பிறகு அவன் குரல் இறங்கி வந்தது. "தனா, கடையில உன்னையத் தவிர ஆருமே இல்ல."

தனப்பிரியா நிமிர்ந்தாள். அந்தப் பெண் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றிருந்தாள். போன் பேசுகிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று காத்திருப்பவள் போல, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தனப்பிரியாவின் கையிலிருந்த பன் கீழே விழுந்தது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் யாருமில்லை.

சாயங்காலம் தீனதயாளன் கேமராவில் பதிவான படத்தைக் காட்டினான். அதில் அவள் மட்டும் இருந்தாள். தலையாட்டினாள், பதில் சொன்னாள், கையை நீட்டி ரோட்டைக் காட்டினாள், வெறும் காற்றுக்குப் பன் கொடுத்தாள்.

"வேற எடம் பாத்துக்கலாம். நாளைக்கே காலி பண்ணிரலாம்" என்றான்.

"அவங்க நிக்கறப்ப எனக்குப் பயமே இல்லீங்க. இப்பத்தான் பயமா இருக்குது" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "பாவமா இருக்குதுங்க. வழிதான கேக்கறாங்க. அது எந்த ரோடுன்னு மட்டும் தெரிஞ்சுக்கறேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். ஒரு டேங்கர் டிரைவர், "பெரிய ரோடுன்னா என்எச்தான், வேறென்ன?" என்றார். மினி பஸ் கண்டக்டர் சிரித்தார். "நாங்க பைபாஸ்னு கூப்புட்டா ஒருத்தர் இங்க எறங்குவாரு, இன்னொருத்தர் பாலத்துக்கிட்ட எறங்குவாரு. ராசிபுரத்துக்காரரு டவுனுக்குள்ள போற ரோட்டப் பைபாஸும்பாரு. அது அந்தக் காலத்துப் பைபாஸ். பெரிய ரோடா? அப்படிச் சொல்லி நான் ஒருத்தருக்கும் சீட்டுக் கிழிச்சதில்லீங்க." தனப்பிரியாவுக்கே யோசனையாக இருந்தது. மேச்சேரியில் அவள் வீட்டில் மெயின் ரோடு என்றால் மேட்டூர் ரோடுதான். கட்டிக்கொடுத்த ஊரில் வந்து அப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கும்?

கடைக்குப் பால் ஊற்றுகிற அங்காளம்மாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலாங்காட்டுக்காரி. ஒருநாள் கேனை இறக்கி வைக்கும்போது அவளிடம் கேட்டாள்.

"பெரிய ரோடா?" அங்காளம்மாள் சிரித்தாள். "அந்தப் பேரக் கேட்டே எத்தனை வருசமாச்சு! உன்ற கடைக்குப் பின்னால கெடக்குதே, அதுதான் அம்மிணி பெரிய ரோடு. சேலத்து பஸ்ஸெல்லாம் அதுலதான் வரும். நாங்க சின்னப் புள்ளைகளா இருக்கறப்ப அது கப்பி ரோடு. பொறகு தார் ஊத்துனாங்க, தார் ரோடுன்னாங்க. ஊருக்குள்ள போறது வண்டித்தடம், இது பெரிய ரோடு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அப்புறம் இத நேரா போட்டாங்க. போட்ட புதுசுல பைபாஸ்னு சொல்ல ஆருக்குத் தெரியும்? இதையும் பெரிய ரோடுன்னாங்க, அதையும் பெரிய ரோடுன்னாங்க…"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "எதுக்குக் கேக்கறே?"

தனப்பிரியா சொன்னாள். கட்டைப்பை, விதை வெங்காயம் என்றதும் அங்காளம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாவாயி" என்றாள். "எங்கூர்ல சின்னண்ணன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி. பதினாலு வருசமாச்சு. பரமத்தியில அவ அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வெதை வெங்காயத்தோட திரும்பி வந்தா. அந்த மாசம் பாதி பஸ்ஸு பழசுல வரும், பாதி புதுசுல வரும். அவ வந்தது பழசுல. எறங்கிப் புளியமரத்துக்கிட்ட நின்னிருக்கறா. அவன் புதுசுல வண்டியோட நின்னிருக்கறான். நடுவால மேடு. இந்தப் பக்கம் நிக்கறது அக்கட்டத் தெரியாது. பாத்துப் பாத்துட்டு, ஊட்டுக்கு நடந்தே போயிருவோம்னு மேடு ஏறிருக்கறா. அத்தனை வேகத்துல வண்டி வர்றத அவ எங்க கண்டா? லாரி அடிச்சுருச்சு. டயரு வெடிச்ச சத்தம்னு நெனச்சு நின்னுட்டிருந்திருக்கறான் அவன், கூப்புடு தூரத்துல."

அந்த வாரமே பாவாயி மறுபடி வந்தாள். தனப்பிரியாவுக்கு இப்போது பதில் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிப்போனது.

"பெரிய ரோடு எங்கீங்க?"

"அக்கா, அவரு அக்கட்ட நின்னாருங்க. மேட்டுக்கு அந்தப் பக்கம்."

பாவாயியின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அவள் வேறு சொற்கள் பேசியது அப்போதுதான். "அக்கட்டயா! நானு இங்கயே தேடிட்டிருக்கறனே. ஆனா தாண்டறதுக்குப் பயமா இருக்குது சாமி. கூட வர்றீங்களா?"

"வாரேங்க்கா" என்றாள் தனப்பிரியா.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவில்லை. கடையை விட்டு இறங்கியதோ, சர்வீஸ் ரோட்டைத் தாண்டி மேட்டில் ஏறியதோ தெரியாது. குளிர்ந்த ஒரு கை தன் கையைப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது. காது கிழிய ஹாரன் கேட்டது. யாரோ பின்னாலிருந்து அவள் சடையைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்து கண் திறந்தபோது ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடந்தாள். பால் கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்த அங்காளம்மாள் மூச்சிரைக்க அவள் மேல் கவிழ்ந்திருந்தாள். லாரி நிற்காமல் போய்விட்டிருந்தது.

"கூப்புடறாளா உன்னைய?" என்று அங்காளம்மாள் அழுதாள்.

"கூப்புடலீங்க பெரியம்மா. பயந்துட்டு என் கையப் புடிச்சாங்க" என்றாள் தனப்பிரியா. அவளுக்கும் அழுகை வந்தது.

அன்று தீனதயாளன் பாதி வேலையில் திரும்பி வந்து கடையைப் பூட்டினான். இரண்டு நாள் திறக்க விடவில்லை. மூன்றாம் நாள் அவளே சொன்னாள், "அவரப் போயிப் பாக்கோணும். ஒருக்கா மட்டும்." அவன் முறைத்தான். பிறகு பைக்கை எடுத்தான்.

ரோட்டுக்கு அடியிலிருக்கும் சுரங்கப் பாலம் வழியாக ஊருக்குள் போனார்கள். சின்னண்ணன் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். தலை முழுக்க நரை, மெலிந்த உடம்பு. அந்த நாளிலிருந்து அவர் நாலு வழிச்சாலையைத் தாண்டிக் கடைப் பக்கம் கால் வைத்ததில்லை, நாமக்கல் போவதென்றால்கூட ஊருக்குள் சுற்றிக்கொண்டுதான் போவார் என்று அங்காளம்மாள் சொல்லியிருந்தாள்.

தனப்பிரியா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் களைக்கொத்தை நிறுத்தவே இல்லை.

"செத்துப்போனவ பேரச் சொல்லிக் கடைக்கு ஆளு சேக்கப் பாக்கறீங்களா?" என்றார். "போயிருங்க."

"பெரியப்பா, எனக்கு உங்களையும் தெரியாது, அவங்களையும் தெரியாதுங்க. அவங்க கேக்கறதத்தான் சொல்றேன். பெரிய ரோட்டுல வண்டியோட நிக்கறேன், எறங்குனதும் வந்துருன்னு நீங்க சொன்னீங்களாம்."

களைக்கொத்து நின்றது.

"அத ஆரு சொன்னா உனக்கு?"

"அவங்கதானுங்க."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். "அது அவ அக்கா ஊட்டுப் போனுல நான் அவகிட்டச் சொன்னது" என்றார். "அப்ப என்ற பக்கத்துல ஆருமில்ல. போலீசுகிட்டக்கூட அப்படியே சொன்னதில்ல. வரச் சொன்னேன்னு மட்டுந்தான் சொன்னேன்." களைக்கொத்தைக் கீழே வைத்தார். "புது ரோடுன்னு சொல்லியிருக்கலாம். பெருசா இருந்துச்சு, பெரிய ரோடுன்னு வாயில வந்துருச்சு. ஒரு சொல்லு, அம்மிணி. அந்தச் சொல்ல நான் அப்புறம் வாயிலயே எடுத்ததில்ல."

அடுத்த நாள் காலையில் அவர் கடைக்கு வந்தார். வெளுத்த வேட்டி சட்டை. சுரங்கப் பாலம் வழியாக டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். தீனதயாளன் வேலைக்குப் போகவில்லை. மேட்டுக்குப் போகும் வழியை மறித்தாற்போல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். டீயைக் கொடுத்ததும் சின்னண்ணன் வாங்கிக் கையில் வைத்திருந்தார். ஆறிப்போயும் குடிக்கவில்லை.

அன்று பாவாயி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாவது நாள் வெயில் ஏறும் நேரத்தில், புளியமரத்துப் பக்கமிருந்து கட்டைப்பையோடு அவள் நடந்து வருவதைத் தனப்பிரியா கண்டாள். தனப்பிரியாவின் முகம் மாறியதைப் பார்த்துச் சின்னண்ணன் எழுந்தார்.

"எங்க? எங்க நிக்கறா?"

அவர் ரோட்டைப் பார்த்து நின்றிருந்தார். தனப்பிரியா அவர் தோளைத் தொட்டு இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். இருவருக்கும் நடுவே ஒரு பெஞ்சு அகலம்தான் இருந்தது.

"ஏஞ்சாமி, பெரிய ரோடு எங்கீங்க?" என்றாள் பாவாயி. பிறகு சின்னண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு கிழவரைப் பார்க்கும் பார்வை அது. "இந்தப் பெரியவரு ஆருங்க? இந்தூர்க்காரருங்களா? இவருகிட்டக் கேட்டாத் தெரியுமுங்களா?"

தனப்பிரியாவுக்கு விளங்கிவிட்டது. பாவாயி தேடுவது பதினான்கு வருஷத்துக்கு முன்னாலிருந்த கருத்த தலைமுடிக்காரரை.

"என்ன சொல்றா? சொல்லு அம்மிணி" என்று சின்னண்ணன் பறந்தார். "என்னையத் தெரியுதாமா?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "உங்ககிட்டத்தான் கேக்கறாங்க பெரியப்பா. பெரிய ரோடு எங்கீங்கன்னு."

அவர் கையை நீட்டிக் கடைக்குப் பின்னாலிருந்த தார் ரோட்டுத் துண்டைக் காட்டினார்.

"அதுதான் பெரிய ரோடு. நீ எறங்கி நின்னியே, அதேதான். நீ சரியாத்தான் நின்னே, பாவாயி. நாந்தான் தப்பான ரோட்டுல நின்னுட்டு, அதப் போயிப் பெரிய ரோடுன்னு சொல்லிட்டேன். நீ எங்கயும் தாண்ட வேண்டாம். அங்கயே நில்லு. நான் வாரேன்."

பாவாயி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "பெரியவரு பேசறது எங்கூட்டுக்காரரு பேசறாப்பலயே இருக்குதுங்க" என்றாள். அவரை மறுபடி உற்றுப் பார்த்தாள். நெற்றி, காது, நடுங்கும் கைகள். அடையாளம் தெரிந்ததா என்று தனப்பிரியாவால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பிப் புளியமரத்தைப் பார்த்து நடந்தாள்.

"போறாங்க பெரியப்பா. பின்னாலயே போங்க" என்றாள் தனப்பிரியா.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தனப்பிரியா கடையின் பின்பக்கத்தில் நின்று பார்த்தாள். வெடித்த தார் ரோட்டில் பாவாயி முன்னால் போனாள். அவர் பத்தடி பின்னால், தனக்கு முன்னால் யாரும் தெரியாமல், சரியாகப் போகிறோமா என்று அடிக்கொரு தரம் திரும்பித் தனப்பிரியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வளைவில் மூன்றாவது மரத்தடியில் பாவாயி நின்றாள். அவர் நெருங்கினார். ஒரு காற்று வந்து புளிய இலைகள் கொட்டின. அதற்குப் பிறகு மரத்தடியில் சின்னண்ணன் மட்டும்தான் நின்றிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, "ஏறு, போலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாவாயி பிறகு கடைக்கு வரவில்லை.

சின்னண்ணன் வந்தார். தினமும் அந்த நேரத்துக்கு வந்து, "வந்தாளா?" என்று கேட்டார். "இல்லீங்க பெரியப்பா" என்றால் முகம் வாடிவிடும். "வராம இருந்தா நல்லதுதானுங்களே. நிம்மதியாப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கோங்க" என்று தீனதயாளன் ஒருநாள் சொன்னான்.

"உங்களுக்கென்னப்பா, உம் பொண்டாட்டி பாத்துட்டா" என்றார் அவர் கோபமாக. "இவ ஆரு? எந்தூரு? இவ கண்ணுக்குத் தெரிஞ்சா. முப்பது வருசத்துக்கு முந்தித் தாலி கட்டுன என் கண்ணுக்கு ஒருக்காக்கூடத் தெரீல."

அவரிடமிருந்து எதையோ தான் பறித்துக்கொண்டதுபோலத் தனப்பிரியாவுக்கு இருந்தது. ஒருநாள் அவர் கேட்டபோது பொய் சொன்னாள். "வந்தாங்க பெரியப்பா. இப்பத்தான் பின்னால போனாங்க." அவர் அவள் கண்ணையே பார்த்தார். பொய் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து பின்பக்கம் போனார்.

அன்றிலிருந்து அவர் கடையில் நிற்பதில்லை. நேராகப் பழைய ரோட்டுக்குப் போய்விடுவார். முதலில் மண்வெட்டியால் புல்லைச் செதுக்கினார். முள்ளை வெட்டினார். பிறகு மூன்றாவது மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், வெகுநேரமாக அவர் டீ குடிக்க வரவில்லையே என்று தனப்பிரியா டம்ளரோடு போனாள். வளைவுக்கு இந்தப் பக்கமே அவர் குரல் கேட்டது. கிழங்குக்கு இந்த வருஷம் விலை இல்லை, செவலை மாடு ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று, என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். காது கொடுத்துக் கேட்பவர் போல இருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அதத்தான் நானும் சொன்னேன்" என்றார்.

தனப்பிரியா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மரத்தடியில் அவரைத் தவிர வேறு யாரும் அவளுக்குத் தெரியவில்லை. சத்தமில்லாமல் திரும்பி வந்து டீயைக் கீழே ஊற்றினாள். திரும்பி வந்தது பயத்தினாலா, வேறெதனாலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

தை மாதம் சர்வீஸ் ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று கடைகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தீனதயாளன் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் பிடித்தான். திருச்செங்கோட்டில் கடை நன்றாக ஓடியது. ரிக் வண்டிக்காரர்கள் காலையிலிருந்தே கூடிவிடுவார்கள். தனப்பிரியாவுக்கு நினைக்க நேரமில்லை. ஆனாலும் யாராவது வந்து வழி கேட்டால், முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் பக்கத்தில் நிற்பவர்களும் அவர்களைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பாள். எந்த பைபாஸ், பழசா புதுசா, எந்த ஊர் மெயின் ரோடு, எந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சொல்வாள். ஆள் சலித்துப்போனாலும் விடமாட்டாள்.

வைகாசியில் அங்காளம்மாள் போன் செய்தாள். மாரியம்மன் நோம்பிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, ஊர்க் கதையெல்லாம் பேசினாள்.

"பெரியப்பா நல்லா இருக்கறாருங்களா?" என்று தனப்பிரியா கேட்டாள்.

"அவனுக்கென்ன, ஊட்டுக்குச் சோறு திங்கத்தான் வர்றான். மத்த நேரமெல்லாம் அங்கதான். அந்த ரோட்டச் சுத்தமா வெச்சிருக்கறான் போ, பாயி விரிச்சுப் படுத்துக்கலாம். பசங்கெல்லாம் வண்டி ஓட்டிப் பழகறதுக்கு அங்கதான் போறாங்க. சின்னண்ணன் ரோடுன்னு பேரு வெச்சுட்டாங்க, தெரியுமா? நேத்து மினி பஸ்ஸுக்காரனே சின்னண்ணன் ரோடு எறங்குன்னு கூப்புடறான்."

தனப்பிரியா சிரித்தாள். பிறகு கேட்டாள், "பாவாயி அக்கா பேரச் சொல்றதில்லீங்களா பெரியம்மா, ஆரும்?"

"இல்ல கண்ணு" என்றாள் அங்காளம்மாள். "அங்க நின்னு அந்தப் பேரக் கூப்புட்டா வந்துருவாளோன்னு இன்னும் பயப்படறாங்க."